கணவன் மனைவி இருவரும் சொந்தத் தொழிலா? கொழும்புக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுபவர்கள், தையல்காரர்கள், ரியூசன் ஆசிரியர்கள், போன் திருத்துபவர்கள், வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்கு டிசைன் செய்து அனுப்பும் இளம் பிள்ளைகள் என்று எல்லா வகையினரும் வருவார்கள். கணக்கு முடிந்து எழும்பும் நேரத்தில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "எங்கள் இருவரில் ஒருவர் தொழிலில் இருக்கிறோம், மற்றவரும் வேலையை விட்டுவிட்டு வரலாமா?" அதையும் அதன் பின்னால் வரும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வரி பற்றிச் சொல்லும் தொகைகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இருவரும் சொந்தத் தொழில் செய்யலாமா?

செய்யலாம். இரண்டு வருமானமும் ஒரே நாளில் நின்றுபோகக் கூடியவை என்றால் செய்ய வேண்டாம்.

கணவர் கல்யாண மண்டபம் அலங்கரிக்கிறார், மனைவி மணப்பெண் அலங்காரம் செய்கிறார் என்று வையுங்கள். பார்வைக்கு இரண்டு தொழில். ஆடி பிறந்தால் இரண்டும் படுக்கும், மார்கழியில் மறுபடி படுக்கும். ஊரடங்கு வந்தால் இரண்டும் ஒரே மாலையில் நிற்கும். கணவர் ஏசி திருத்துகிறார், மனைவி சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார் என்றால் கதை வேறு. ஒன்று குறைந்தாலும் மற்றது ஓடும். காசு வருவது ஒரே கிணற்றிலிருந்தா, இரண்டு கிணறுகளிலிருந்தா என்பதுதான் விஷயம். இந்தக் கண்ணால் பார்த்தால், ஒரே கம்பனியில் சம்பளம் வாங்கும் கணவன் மனைவிக்கும் கிணறு ஒன்றுதான். அவர்களை யாரும் பயமுறுத்துவதில்லை என்பது வேறு கதை.

ஒருவர் வேலை, ஒருவர் தொழில். அதுதானே பாதுகாப்பு?

பெரும்பாலும் ஆம். ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

2020 மார்ச் 20 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். கடைகள் மூடின, தினக் காசு நின்றது. தனியார் துறையில் வேலைக்கு அழைக்கப்படாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது, என்று ஓர் ஏற்பாடு வந்தது. அரைச் சம்பளம் பெரிய காசு இல்லைதான். ஆனால் மாத முடிவில் கட்டாயம் வந்த காசு அது. தொழிலில் மட்டும் இருந்த வீடுகளில் நகை அடகுக்குப் போன மாதங்கள் அவை.

2022 வேறு மாதிரி. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. சம்பளக்காரரின் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது, சாமான்தான் பாதியாகிவிட்டது. சாப்பாட்டுப் பார்சல் விற்றவர் விலையை மூன்று தடவை மாற்றி எழுதி எப்படியோ சமாளித்தார். டொலரில் காசு வந்த பிள்ளைகள் அந்த வருடத்தில்தான் வீட்டுக்கு இன்வேட்டர் வாங்கினார்கள். அதே நேரம், கடன் எடுத்துக் கடை போட்டவர்களுக்கு வேறு அடி. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்களின் தவணை எகிறியது.

ஆகவே சம்பளம் ஒரு வகை ஆபத்தைத் தாங்கும், தொழில் இன்னொரு வகை ஆபத்தைத் தாங்கும். இரண்டும் ஒரு வீட்டில் இருந்தால் நல்லது என்பதற்குக் காரணம் இதுதான். சம்பளம் புனிதமானது என்பதற்காக இல்லை.

இப்போது என் சம்பளம் ஒரு இலட்சம். தொழிலில் ஒரு இலட்சம் இலாபம் வந்தால் சமம்தானே?

சமம் இல்லை. இந்தக் கணக்கைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரு கடதாசி எடுங்கள்.

ஒரு இலட்சத்தில் உங்கள் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது, கையில் 92,000 வருகிறது. முதலாளி தன் பங்காக அதே நிதிக்கு 12 சதவீதம், அதாவது 12,000 போடுகிறார். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், 3,000. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர்கிறது. மாதத்துக்குப் பிரித்தால் அது ஏறக்குறைய 4,166 ரூபா. மூன்றையும் கூட்டினால் 19,000-க்கு மேல். ஒரு இலட்சம் சம்பளம் என்பது உண்மையில் ஒரு இலட்சத்துப் பத்தொன்பதாயிரம்.

இதற்கு மேல் சம்பளத்தோடு விடுமுறை, போயா நாள், சுகவீன லீவு, பல கம்பனிகளில் குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்புறுதி. பிள்ளைக்கு டெங்கு வந்து தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கடைசிச் சலுகையின் பெறுமதி தெரியும். வேலையை விடுகிற மாதத்தோடு அந்தக் காப்புறுதி அட்டை செல்லாது. எனவே, ஒரு இலட்சம் சம்பளத்தை விடுகிறவருக்கு ஒன்றேகால் இலட்சத்துக்குக் குறையாத இலாபம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் சொல்வேன். விற்பனையைச் சொல்லவில்லை, இலாபத்தைச் சொல்கிறேன்.

சேமலாப நிதியை எடுத்து முதலாகப் போடலாமா?

அப்படிச் சுலபமாக எடுக்க முடியாது, அது நல்லதற்கே. வேலையை விட்டாலும் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வரை காசு அங்கேயே கிடந்து வட்டி சேரும். வயதுக்கு முன் 30 சதவீதம் வரை எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், தொழிலுக்கு இல்லை. திருமணத்தைக் காரணமாகக் காட்டி வேலையை விடும் பெண்கள் முழுவதையும் எடுக்கலாம். சட்டம் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்பதற்காக அதில் நுழைய வேண்டியதில்லை. புது மாப்பிள்ளையின் தொழிலுக்குப் பெண்ணின் சேமலாப நிதி முதலீடாகப் போவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

இருவரும் தொழிலுக்கு வந்துவிட்டால் முதுமைக்கு யாரும் உங்களுக்காகப் பிடித்து வைக்கப் போவதில்லை. ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சுயதொழில் செய்பவர்களும் சேர்ந்து கட்டலாம். சமூகப் பாதுகாப்புச் சபையிலும் சுயதொழிலாளருக்கு ஓய்வூதியத் திட்டம் உண்டு. எதில் போட்டாலும் வங்கியில் நிரந்தரக் கட்டளை கொடுத்துப் போடுங்கள். "மிஞ்சினால் போடுவோம்" என்றால் மிஞ்சாது.

வரி கூடுமா?

இந்த இடத்தில் தொழில்காரத் தம்பதிக்குக் கொஞ்சம் நல்ல செய்தி. இலங்கையில் கணவனுக்கும் மனைவிக்கும் வரி தனித்தனி. ஆளுக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30, மீதிக்கு 36.

ஒருவர் மட்டும் வருடத்துக்கு 36 இலட்சம் இலாபம் எடுத்தால் வரி 2,22,000 ரூபா. இருவர் ஆளுக்கு 18 இலட்சம் எடுத்தால் வரி பூச்சியம். உடனே "அப்ப மனைவியின் பெயரில் பாதியைக் காட்டுவோம்" என்று ஒருவர் சொல்வார். மனைவி உண்மையில் வேலை செய்கிறார், பங்காளியாகப் பதிவு செய்திருக்கிறார், காசு அவருடைய கணக்குக்குப் போகிறது என்றால் சரி. கடதாசியில் மட்டும் பங்காளி என்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இருந்து கடிதம் வரும் நாளில் என்னைக் கூப்பிடாதீர்கள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளத்தில் வரி தானாகவே கழிந்துவிடும், தொழிலில் நீங்களே கட்ட வேண்டும். ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணை. வரி அறிக்கை நவம்பர் 30-க்குள். இருவரும் தொழிலில் என்றால் எல்லாமே இரண்டு தடவை, அதுவும் தீபாவளி செலவு முடிந்த கையோடு ஒரு தவணை வரும். ரியூசன், பொறியியல், மென்பொருள் போன்ற சேவைக்கு ஒரு நிறுவனம் உங்களுக்கு மாதத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரி, வருட முடிவில் கழிக்கலாம். வெளிநாட்டுக்குச் சேவை செய்து வங்கி மூலம் அந்நியச் செலாவணியாகக் கொண்டுவரும் வருமானத்துக்கு வரி 15 சதவீதத்தைத் தாண்டாது.

இருவரும் ஒரே தொழிலில் சேரலாமா, தனித்தனியாகவா?

கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. மனைவி மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் செய்து கோட்டையில் உள்ள அலுவலகங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். விடிய நாலு மணிக்கு அடுப்பு, ஏழு மணிக்குள் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, மீன் குழம்பு, பொரித்த மிளகாய். பதினொரு மணிக்கு வாழையிலையில் கட்டிப் பேப்பரில் சுற்றி முடிந்துவிடும். முதலில் ஓட்டோக்காரர் ஒருவர் கொண்டுபோனார். ஓடர் கூடியதும் கணவர் இறக்குமதிக் கம்பனி வேலையை விட்டுவிட்டு பைக்கில் டெலிவரியையும் சந்தை வாங்கலையும் எடுத்துக்கொண்டார். "இப்ப ரெண்டு பேரும் உழைக்கிறம்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

கணக்கைப் பார்த்தால் அவர் வந்ததால் மிச்சமானது ஓட்டோக் கூலி மட்டும். விட்டது முழுச் சம்பளம். பிறகு மனைவிக்கு டெங்கு வந்தது. இரண்டு வாரம் சோறு இல்லை, சோறு இல்லாததால் டெலிவரியும் இல்லை. இருவர் வேலை செய்த அந்த வீட்டில் இருந்தது ஒரு வருமானம்.

இதற்காக ஒரே தொழிலில் சேரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். செட்டியார் தெருவிலும் காலி வீதியிலும் கணவன் மனைவி சேர்ந்து நின்று வளர்த்த கடைகள் எத்தனையோ. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் காசு லாச்சிச் சாவியை நம்பிக் கொடுக்க முடியாது, வீட்டு ஆள் என்றால் கொடுக்கலாம். அது பெரிய பலம்தான். ஆனால் இரண்டாம் ஆள் வரும்போது அவர் என்ன புது வருமானத்தைக் கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். செலவை மிச்சம் பிடிக்க வருகிறார் என்றால், அந்தச் செலவையே தொடர்ந்து கொடுத்துவிட்டு அவர் தன் வேலையில் இருப்பது பல வீடுகளில் மலிவு. மேலே சொன்ன வீட்டில் இப்போது கணவர் மாலையில் அலுவலகக் கூட்டங்களுக்கு சோட்டீஸ் ஓடர் தனியாகப் பிடிக்கிறார். அது அவர் கொண்டுவந்தது. பெட்டிஸும் ரோல்ஸும் செய்யத் தனியாக ஓர் அக்கா வருகிறார். அடுத்த முறை மனைவி படுத்தாலும் அது நிற்காது.

எங்கள் காசு எல்லாம் கலந்து போகிறது. எப்படிப் பிரிப்பது?

லாச்சியில் இருந்து ஐந்நூறு ரூபா எடுத்து மீன் வாங்குவதும், வீட்டு மின்சார பில்லைக் கடைக் கணக்கில் கட்டுவதும், சித்திரைக்கு உடுப்பு எடுக்க மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய காசைத் தொடுவதும் எல்லா வீட்டிலும் உண்டு. ஒருவர் மட்டும் தொழிலில் இருக்கும் வீட்டில் மற்றவரின் சம்பளம் அந்த ஓட்டையை மறைத்துவிடும். இருவரும் தொழிலுக்கு வந்த மூன்றாம் மாதத்தில் ஓட்டை தெரியத் தொடங்கும்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். மூன்று வங்கிக் கணக்கு: அவருடைய தொழிலுக்கு ஒன்று, உங்கள் தொழிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மாதம் 25-ஆம் திகதி இரண்டு தொழிலும் வீட்டுக் கணக்குக்கு ஒரே தொகையை "சம்பளம்" என்று அனுப்பட்டும். நல்ல மாதத்திலும் அதே தொகை, மோசமான மாதத்திலும் அதே தொகை. நல்ல மாத மிச்சம் தொழில் கணக்கில் கிடக்கட்டும். மீன் வாங்குவது வீட்டுக் கணக்கில் இருந்துதான். கடன் கொப்பி, டேட் போட்ட (பின்னொரு திகதியிட்ட) செக் எல்லாம் தொழில் பக்கத்துக்கே உரியவை. கையில் இருக்கும் டேட் போட்ட செக்கைக் காசு என்று எண்ணி வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள். கெய்சர் வீதி மொத்த வியாபாரத்தில் அறுபது நாள் செக் என்றால் அது தொண்ணூறும் ஆகும்.

எவ்வளவு சேமிப்போடு இரண்டாம் ஆள் வேலையை விடலாம்?

ஆறு மாதச் செலவு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மாதத்தை எண்ணுவதை விட ஒரு சுற்றைப் பார்க்கச் சொல்வேன். முதலாம் ஆளின் தொழில் ஒரு சித்திரை, ஓர் ஆடி, ஒரு தீபாவளி, ஒரு டிசெம்பர், பிறகு ஜனவரிப் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் தாண்டட்டும். அந்தச் சுற்றில் மிக மோசமான மூன்று மாதங்களை எடுத்துப் பாருங்கள். அந்த மூன்று மாதங்களில் வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், ஸ்கூல் வான் ஆகிய நான்கையும் தொழில் மட்டும் கட்டியதா? கட்டியிருந்தால் இரண்டாம் ஆள் யோசிக்கலாம். மற்றவரின் சம்பளத்தைத் தொட்டுத்தான் கட்டினீர்கள் என்றால் இன்னொரு சுற்று பொறுங்கள்.

சேமிப்பு தேவையில்லை என்று இல்லை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பிளாட் வாடகைக்கு எடுத்தால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று அட்வான்ஸ் கேட்பார்கள். வீட்டுக்காரர் எழும்பச் சொல்லும் மாதமும் தொழில் படுக்கும் மாதமும் ஒன்றாக வரலாம். அந்த அட்வான்ஸுக்கான காசு தனியே இருக்க வேண்டும்.

வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கடதாசி கூடும். சம்பளக்காரர் சம்பளச் சீட்டும் கம்பனிக் கடிதமும் கொண்டுபோனால் போதும். சுயதொழில் என்றால் வியாபாரப் பதிவு, வங்கிக் கூற்று, இரண்டு மூன்று வருடக் கணக்கு, வரி அறிக்கை எல்லாம் கேட்பார்கள். வரியைக் குறைக்க இலாபத்தைக் குறைத்துக் காட்டியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். "உண்மையில் இதைவிடக் கூட வருகிறது" என்று முகாமையாளரிடம் சொல்லிப் பயனில்லை. அறிக்கையில் இருப்பதுதான் உங்கள் வருமானம்.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், வீட்டில் ஒரு சம்பளமாவது இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள். ஆனால் தவணை சம்பளத்தையே நம்பியதாக இருக்கக் கூடாது, மோசமான மாதத் தொழில் வருமானத்தாலும் கட்டக் கூடியதாக இருக்க வேண்டும். அப்புறம் க்ரிப் அறிக்கை, அதாவது உங்கள் கடன் வரலாறு. கிரெடிட் காட், லீசிங், மச்சானுக்குப் போட்ட பிணைக் கையெழுத்து எல்லாம் அதில் தெரியும். ஒருவரின் தொழில் கடனுக்கு மற்றவர் பிணை நின்றிருந்தால் இரண்டு பேரின் பெயரும் ஒன்றாகக் கெடும். நான் இருவரும் பிணை நிற்பதைத் தடுக்கப் பார்ப்பேன். வீட்டில் ஒரு பெயராவது சுத்தமாக இருக்கட்டும்.

சீதன வீட்டை ஈடு வைக்கலாமா? நகையை?

நகையை அடகு வைப்பது தமிழ் வீடுகளின் ஓவர்டிராஃப்ட். குறுகிய காலத்துக்கு, திரும்பி வரும் காசு கண்ணுக்குத் தெரிந்தால், அதில் தப்பில்லை. தீபாவளிச் சாமானுக்கு ஐப்பசியில் வைத்து கார்த்திகையில் மீட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடை வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் அடகு வைக்கத் தொடங்கினால் அது தொழில் நட்டத்தில் ஓடுகிறது என்பதற்கான அறிக்கை. வேறு கணக்காளர் தேவையில்லை.

வீடு வேறு விஷயம். இருவரும் தொழிலில் இருக்கும் குடும்பத்தில் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒருவர் சம்பளத்தில் இருந்தாலாவது விழுந்த பிறகு வாடகை கட்ட ஒரு வழி இருக்கும்.

சட்டப் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழர்களுக்குக் கொழும்பில் இருந்தாலும் பெரும்பாலும் தேசவழமை என்ற அவர்களுடைய வழக்குச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி மனைவி தன் பெயரில் உள்ள காணி, வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். திருமணத்துக்குப் பின் இருவரும் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம், அதில் இருவருக்கும் பங்கு உண்டு. மட்டக்களப்பு, மலையகத் தமிழர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குப் பொதுச் சட்டம். தனியாள் தொழிலாகவோ பங்குடைமையாகவோ பதிவு செய்தால் தொழில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தால் தொழில் கடனுக்கும் சொந்தச் சொத்துக்கும் இடையில் ஒரு சுவர் ஓரளவு இருக்கும். பணிப்பாளராக நீங்கள் தனிப்பட்ட பிணை கையெழுத்திட்டால் சுவரில் நீங்களே ஓட்டை போட்டதாகும். கையெழுத்துக்கு முன் ஒரு நொத்தாரிசிடம் அல்ல, உங்கள் பக்கம் பேசும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறது. இப்போது வேலையை விடலாமா?

கொஞ்சம் பொறுக்கலாம். வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 84 வேலை நாள் சம்பளத்துடன் மகப்பேற்று லீவு உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே அளவுதான். சொந்தத் தொழிலில் அது பூச்சியம். வாடிக்கையாளர்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வேறு தையல்காரரிடம் போவார்கள். காசல் வீதி, டி சொய்சா போன்ற அரச மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்குக் காசு இல்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் பிரச்சினை பிரசவச் செலவில் இல்லை, அதன் பின்னான ஆறு மாத வருமானத்தில் இருக்கிறது. மாமியோ அம்மாவோ ஊரிலிருந்து வந்து நிற்பார்களா என்பதையும் கணக்கில் எழுதுங்கள். அதற்குக் காசுப் பெறுமதி உண்டு.

யார் முதலில் வேலையை விட வேண்டும்?

குறைந்த சம்பளம் உள்ளவர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மனைவியாகிவிடுகிறது. நான் கேட்பது வேறு: யாரிடம் ஏற்கெனவே காசு கொடுக்கும் வாடிக்கையாளர் இருக்கிறார்? சனி ஞாயிறில் செய்து மாதா மாதம் காசு பார்த்தவர் முதலில் போகட்டும். யோசனை மட்டும் உள்ளவர் வேலையில் இருக்கட்டும். ஓய்வூதியத்தோடு கூடிய அரச வேலையில் உள்ளவரை நான் அசைக்க மாட்டேன்.

வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கிறார்கள் இல்லை.

அவர்கள் சும்மா பயப்படவில்லை. 83-இல் கொழும்பில் எரிந்த தமிழ்க் கடைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையை எரிக்கலாம், படிப்பையும் உத்தியோகத்தையும் எரிக்க முடியாது என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பயத்துக்கு வாதாடிப் பயனில்லை. தீ, கலவரக் காப்புறுதி எடுத்த பத்திரத்தையும் வங்கியில் உள்ள நிரந்தர வைப்பையும் மாமாவிடம் காட்டுங்கள், பேச்சு பாதியாகக் குறையும். கடைக்குக் காப்புறுதி எடுக்கும்போது கலவரம், வேலைநிறுத்தம் உள்ளடங்குகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது தனியே சேர்க்க வேண்டியது.

பதிவு, உரிமம் எல்லாம் சிக்கலா?

இல்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் வழியாகப் பதியலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்தின் வாடகை ஒப்பந்தம் அல்லது உறுதி தேவைப்படும். சாப்பாடு, சலூன் போன்றவற்றுக்கு மாநகர சபையின் வியாபார உரிமமும் வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஒரே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாலும் நீங்கள் முதலாளி. உங்கள் முதலாளி உங்களுக்குக் கட்டிய அந்தச் சேமலாப நிதி 12 சதவீதமும் நம்பிக்கை நிதியம் 3 சதவீதமும் இனி நீங்கள் கட்ட வேண்டியவை.

நாள் முழுக்க ஒரே முகத்தைப் பார்த்தால் சண்டை வராதா?

வரும். இரண்டு அறைப் பிளாட்டில் ஒருவர் ரியூசன், ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ அழைப்பு என்றால் கட்டாயம் வரும். சின்னதாக வெளியில் ஒரு மேசை வாடகைக்கு எடுப்பது ஆடம்பரம் இல்லை.

சரி வராவிட்டால் மறுபடி வேலைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் அதற்கு ஒரு கடைசித் திகதியை இப்போதே எழுதி வையுங்கள். நாற்பதைத் தாண்டிய பின் ஐந்து வருட இடைவெளியோடு வேலை தேடுவது கொழும்பில் கஷ்டம். ஒன்றரை வருட இடைவெளியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. தொழில்சார் சங்கத்தின் உறுப்புரிமைச் சந்தாவை விடாமல் கட்டுங்கள், பழைய அலுவலகத்தில் சண்டை போட்டு வெளியேறாதீர்கள், கணக்காளர், ஆசிரியர் போன்றவர்கள் வாரத்துக்கு ஒரு நாளாவது பகுதி நேர வேலை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். திகதி வந்ததும் இருவரும் சேர்ந்து மூன்று கணக்குகளின் கூற்றையும் மேசையில் விரியுங்கள். வீட்டுக் கணக்குக்கு 25-ஆம் திகதிக் காசு எத்தனை மாதம் தவறியது என்று எண்ணுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தவறியிருந்தால், யாருடைய தொழில் தவறியதோ அவர் வேலைக்கான சீவியை எழுதத் தொடங்கட்டும்.